பதினொன்றில் ஒன்று

எடிசன், நியூ ஜெர்சி
3 பிப்ரவரி 2024

அன்புள்ள விசாலி,

உன் பொங்கல் வாழ்த்து அட்டை ஜனவரி கடைசியில்தான் வந்து சேர்ந்தது. பின்பக்கத்தில் இரண்டே வரி. எல்லோரும் சௌக்கியம், ரக்ஷா காலேஜுக்கு அப்ளை பண்ணிக்கொண்டிருக்கிறாள். கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் நான்கு வருஷம் ஒரே அறையில் இருந்தவளுக்கு இவ்வளவுதானா? சரி, உன்னைக் குறை சொல்லவில்லை. போனில் பேசினால் பின்னாலிருந்து உன் கணவர் "சாரதாவா, கேட்டேன்னு சொல்லு" என்கிறார். வாட்ஸப்பில் எழுதினால் உங்கள் வீட்டு ஐபேடில் எல்லோரும் படிக்கிறார்கள். தபால் ஒன்றுதான் இன்னும் உன் கைக்கு மட்டும் வருகிறது. அதனால்தான் இந்தக் காகிதம்.

என் செய்தி கேள். இன்சூரன்ஸ் கம்பெனியில் வெள்ளம் வரும் தெருக்களை வரைந்துகொண்டிருந்தேன் அல்லவா, அக்டோபரில் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். நமக்கு இரண்டு வருஷம் மூத்த மணியனை நினைவிருக்கிறதா? சான்டா கிளாராவிலிருந்து தேர்தல் வரைபடங்களுக்கென்று ஓர் இணையதளம் நடத்துகிறான். இப்போது அவனிடம் சேர்ந்திருக்கிறேன். ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று ஒவ்வொரு மாநிலத்திலும் கட்சிக்குள்ளேயே தேர்தல் நடக்கிறதே, அந்த பிரைமரி, காக்கஸ் முடிவுகளைத் தெருத் தெருவாக வரைகிறோம். டிவியில் நம் மாவட்டம் மாதிரி உள்ள ஒரு கவுண்டி முழுவதற்கும் ஒரே நிறம் அடித்துவிடுகிறார்கள். நாங்கள் அதற்கும் கீழே, ஒவ்வொரு பிரிசிங்ட்டாக, அதாவது சில தெருக்கள் சேர்ந்த ஒரு வாக்குப் பகுதியாக, இறங்குகிறோம். கவுண்டி அலுவலகங்கள் கோணலாக ஸ்கேன் செய்த தாள்களை அனுப்புகின்றன. சில அலுவலகங்களில் ஒரு அம்மாள்தான் இருக்கிறார், அவருக்கு லீவு என்றால் அந்த ஊருக்கே நிறம் கிடையாது.

போன மாதம் அயோவா காக்கஸ். முன்பெல்லாம் ஒரு கட்சியில் பள்ளிக்கூட ஜிம்மில் கூடி, ஆளுக்கொரு மூலையில் போய் நிற்பார்களாம். கணவன் இந்த மூலை, மனைவி அந்த மூலை, ஊரே பார்க்கும். மணியன் இதைச் சொன்னபோது எனக்கு உன் ஞாபகம் வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் செல்வராஜ் என்ன சொல்கிறார் தெரியுமா? "ஓட்டுப் போட வக்கில்லாதவ ஊரான் ஓட்டை எண்ணிட்டு உக்காந்திருக்கா." உண்மைதான். கிரீன் கார்டு வரிசையில் நாங்கள் நிற்கிற இடத்தைப் பார்த்தால் எங்கள் பையன் மகிழனுக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் எனக்கு இங்கே ஓட்டு. இதற்கு முன் கடைசியாக ஓட்டுப் போட்டது பொள்ளாச்சியில்.

கேட்க வந்தது இதுதான். மார்ச்சில் டெக்ஸாஸ். உங்கள் கவுண்டியில் புதுப் புதுக் குடியிருப்புகளாக முளைத்து எல்லைகள் எல்லாம் மாறிவிட்டன. நம் வகுப்பிலேயே உன்னைப்போல எல்லை வரைந்தவர் யாரும் இல்லை. வீட்டிலிருந்தே செய்யலாம். கோடுகளை நீ வரைந்து அனுப்பினால் எண்களை நான் இங்கே சேர்த்துக்கொள்வேன். ஒரே ஒரு விதிதான் உண்டு. பத்துக்குக் குறைவாக வாக்கு விழுந்த பகுதியைச் சாம்பல் நிறத்தால் மூடிவிடுவோம், யார் யாருக்குப் போட்டார்கள் என்று ஊகிக்க முடியாதபடி.

மாட்டேன் என்று எழுதிவிடாதே.

உன்
சாரதா

---

ஃபிரிஸ்கோ, டெக்ஸாஸ்
26 பிப்ரவரி 2024

என் அருமை சாரு,

உன் கடிதத்தைக் கார் நிறுத்தும் இடத்திலேயே நின்று படித்தேன். அன்று மாலையே பழைய லேப்டாப்பைத் துடைத்து எடுத்தேன். புது மென்பொருள் ஒன்றும் புரியவில்லை. இரண்டு நாள் கழித்துக் கை தானாகவே போக ஆரம்பித்துவிட்டது. வேலை செய்ய அனுமதி இல்லாத எச்-4 விசாவில் வந்து இறங்கிய நாளிலிருந்து வேலையைத் தொடவில்லை. பிறகு கிரீன் கார்டு வந்தது, சிட்டிசன்ஷிப் வந்தது, ஆனால் அதற்குள் வேலை செய்யாமல் இருப்பது எனக்குப் பழகிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. எல்லைக் கோடுகள் எல்லாவற்றையும் நேற்று அனுப்பிவிட்டேன், பார்த்திருப்பாய்.

எங்கள் குடியிருப்பே தனி பிரிசிங்ட் ஆகிவிட்டது. அந்தக் கோட்டை நான்தான் வரைந்தேன். பின்பக்க ஓடை, டோல் ரோடு, பள்ளிக்கூடம், முடிந்தது. நானூறு வீடு. முக்கால்வாசி நம் ஜனங்கள், எல்லோரும் விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கிறார்கள். இவருடைய கட்சியில் ஓட்டுப் போடக்கூடிய சிட்டிசன்கள் மொத்தம் பதினொரு பேர். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இந்த ஜனங்களுக்கு அக்கறையே இல்லை என்பார்கள். ஓட்டு இல்லை என்பது யாருக்குத் தெரியும்?

இவருக்குக் கட்சியில் டெலிகேட் ஆகிவிட வேண்டும் என்று இருக்கிறது. மாநாட்டுக்குப் போகலாம், கழுத்தில் அட்டை மாட்டிக்கொள்ளலாம். கவுண்டியில் உள்ளவர்களிடம், எங்கள் காலனி ஓட்டு ஒன்றுகூடச் சிதறாது, எல்லாம் இன்னாருக்கே என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். போன சனிக்கிழமை பதினொரு பேரும் எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டு, இரண்டு வேனில் ஏறி, முன்கூட்டியே வாக்களிக்கும் இடத்துக்குப் போனோம். பிச்சுமணி மாமாதான் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். பெண்ணோடு இருக்கிறார், போன வருஷம்தான் சிட்டிசன் ஆனார். வேட்டியில் வந்திருந்தார். வாசலில் போட்டோ எடுத்தோம். உள்ளே ஒவ்வொருவராகப் போனோம்.

அங்கே ஒரு சின்னத் திரை, இரண்டு பக்கமும் அட்டைத் தடுப்பு. எனக்கும் அந்தத் திரைக்கும் நடுவில் ஒருவரும் இல்லை. அது எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெளியே வந்ததும் "போட்டாச்சா?" என்றார். "போட்டாச்சு" என்றேன்.

மூலையில் போய் நிற்கிற வழக்கம் இங்கே இல்லாதது நல்லதாகப் போயிற்று.

ஒரு சந்தேகம், வேலை சம்பந்தமாகத்தான். பத்துக்குக் கீழே மூடுவது போதுமா? பதினைந்து இருபது ஓட்டு உள்ள இடத்தில் ஒரு பக்கம் ஒன்றே ஒன்று விழுந்திருந்தால் அதுவும் தெரிந்துவிடுமே? வரம்பை ஐம்பது என்று வைக்கச் சொல்லி மணியனிடம் பேசிப் பாரேன். கட்டாயம் பேசு.

உன்
விசாலி

---

எடிசன்
23 மார்ச் 2024

அன்பு விசாலி,

முந்தாநாள் டெக்ஸாஸ் வரைபடம் வெளியாகிவிட்டது. மணியன் உன் எல்லைகளைப் பார்த்துவிட்டு, "இவ இத்தனை வருஷம் எங்க இருந்தா?" என்றான். சமையலறையில் இருந்தாள் என்று சொன்னேன்.

வரம்பைப் பற்றிப் பேசினேன். ஐம்பது என்று வைத்தால் என்ன ஆகிறது தெரியுமா? நம் ஜனங்கள் இருக்கிற குடியிருப்புகள் அத்தனையும் சாம்பல். எடிசனில், சன்னிவேலில், உங்கள் ஊரில், எங்கேயும் நாம் இல்லாதது போலவே இருக்கிறது. ஏற்கெனவே நம்மை யார் கண்ணுக்கும் தெரியவில்லை, நாமே நம் மேல் சாம்பல் பூசிக்கொள்ள வேண்டுமா? பத்து என்றால் பத்து என்று விட்டுவிட்டோம். உங்கள் காலனியில் பதினொன்று, தேறிவிட்டது.

அங்கே முடிவைப் பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் ஒன்று. வரைபடத்தில் முக்கியமான இடங்களுக்கு நான் சிறு குறிப்பு எழுதுவது வழக்கம். உங்கள் காலனிக்கு எழுதியது இது: "நானூறு வீடுகள், பதினொரு வாக்காளர்கள், ஒருவர் மட்டும் தலையாட்டவில்லை." நிறையப் பேர் பகிர்ந்திருக்கிறார்கள். எங்கள் ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடையில் பில் போடுகிற பெண்கூட அதைப் பற்றிக் கேட்டாள்.

அந்த ஒருவர் யார் என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். இரண்டு நாளாக அந்த நினைப்பிலேயே சந்தோஷமாக இருக்கிறேன்.

உன்
சாரதா

---

ஃபிரிஸ்கோ
2 ஏப்ரல் 2024

சாரு,

உன் குறிப்பு இங்கே வந்துவிட்டது. பக்கத்துத் தெரு கோபாலசாமி இவருக்கு அனுப்பினார், "ஜம்பு, இது நம்ம காலனிதானே?" என்று. வெறும் எண்ணாக மட்டும் இருந்திருந்தால் அந்த மூலையை யாரும் பெரிதாக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். நீ வாசகம் எழுதி வைத்தாய்.

முந்தின வாரம் ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேரையும் காபிக்குக் கூப்பிட்டார். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். "எல்லாரும் இங்கதான் இருக்கோம். யாருன்னு சொல்லிட்டா விஷயம் முடிஞ்சுது. நான் ஒண்ணும் கோவிச்சுக்கப் போறதில்லை." ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கோபாலசாமி, காமாக்ஷி, அவள் கணவர், எல்லோரையும் பார்த்தார். என்னிடம் வந்தபோது, "விசாலம், இன்னொரு டிகாக்ஷன் போடு" என்றார்.

இருபத்து மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்திருக்கிறோம், சாரு. நானாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றக்கூட இல்லை.

பிச்சுமணி மாமா நாள் முழுக்க நியூஸ் பார்க்கிறவர், எதற்கும் எதிர்வாதம் பேசுகிறவர். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். இவர், "என்ன மாமா?" என்றார். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் போட்டேனா போடலையான்னு உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? சொல்றதா இருந்தா அங்க தடுப்பு எதுக்கு வெச்சிருக்கான்?" இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். சொல்லவில்லை. நான் டிகாக்ஷன் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தேன். நானும் சொல்லவில்லை.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கோவிலுக்கும் டாக்டரிடமும் எங்கள் ஆட்களின் வேனில்தான் போவார். பெண்ணும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமை துணிப்பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். வேன் நிற்காமல் போயிற்று. காலனி வாட்ஸப் குழுவிலிருந்தும் அவரை எடுத்துவிட்டார்கள். எங்கள் ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிகிறது.

உனக்குப் புரிந்திருக்கும். ஆமாம், நான்தான். ஒன்றும் பெரிய கொள்கை இல்லை. அந்தத் திரையில் இரண்டு பெயர்களைப் பார்த்தபோது, இவர் சொல்லாத பெயரைத் தொட்டால் என்ன என்று தோன்றியது. தொட்டேன். அது எனக்குள்ளேயே இருந்திருக்கும், யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லாமல்.

எனக்காக இதைச் செய். எண்ணில் பிழை, பதினொன்றுக்குப் பூஜ்யம் என்று ஒரு திருத்தம் போட்டுவிடு. ஒரு வரி போதும். தினமும் எத்தனையோ திருத்தம் போடுகிறீர்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். மாமா பழையபடி வேனில் ஏறிவிடுவார்.

விசாலி

---

எடிசன்
8 ஏப்ரல் 2024

அன்புள்ள விசாலி,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

திருத்தம் போட முடியாது. கவுண்டி அனுப்பிய எண்ணை என் சிநேகிதிக்காக மாற்றினேன் என்றால், நாளைக்கு யாராவது கட்சிக்காரன் வந்து கேட்டால் எந்த முகத்தோடு மறுப்பேன்? இது ஒன்றைத்தான் இந்த வேலையில் நான் நம்புகிறேன். குறிப்பை எடுத்துவிட்டேன். சாம்பல் பூசலாமா என்று யோசித்தேன். பார்த்தவர்கள் பார்த்தாயிற்று, இப்போது மூடினால் இன்னும் சந்தேகம்தான் வரும்.

ஆனால் வேறு ஒரு வழி இருக்கிறது, அது உனக்கே தெரியும். நீயே சொல்லிவிடு. எல்லோர் முன்னாலும் சொல். மாமா மேல் உள்ள பழி அந்த நிமிஷமே போய்விடும். உன் கணவர் உன்னை என்ன செய்துவிடுவார்? அடிக்கிறவர் இல்லை, கத்துகிறவர்கூட இல்லை. என் பெயரில் இங்கே ஒரே ஒரு வாக்கு இருந்திருந்தால், விசாலி, ஊர் கேட்கச் சொல்லியிருப்பேன். உனக்கு இருக்கிறது. அதை ஒரு கெட்ட காரியம் போல ஏன் ஒளித்து வைக்கிறாய்?

நீ சொல்வாய் என்று எனக்குத் தெரியும்.

உன்
சாரதா

---

ஃபிரிஸ்கோ
21 ஏப்ரல் 2024

சாரதாவுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன்.

வருஷப் பிறப்பன்று எங்கள் வீட்டில் சாப்பாடு. மாமாவை மட்டும் கூப்பிடவில்லை. எல்லோரும் மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் சமையலறையிலிருந்து வந்து, "அந்த ஓட்டு பிச்சுமணி மாமா போட்டது இல்லை. நான் போட்டது" என்றேன். உன் கடிதம் வந்ததிலிருந்து ஒத்திகை பார்த்திருந்தேன்.

இவர் சிரித்தார். கோபமில்லை, உண்மையாகவே சிரித்தார்.

"தப்பா அமுக்கிட்டியா? அன்னிக்கே சொல்லக் கூடாதா, அசடு. எவ்வளவு மண்டையை உடைச்சுண்டோம்."

"தப்பா இல்லை. தெரிஞ்சுதான் போட்டேன்" என்றேன்.

"சரி, சரி. மாமாவுக்காக ரொம்பப் பரிஞ்சு பேச வேண்டாம். மெஷின் புதுசு, உனக்குப் புரியலை. இதுல என்ன வெட்கம்?"

உடனே எல்லோருக்கும் மூச்சு வந்தது. காமாக்ஷி என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தத் திரையைப் பார்த்ததும் தனக்கும் ஒன்றும் ஓடவில்லை என்றாள். கோபாலசாமி, இனிமேல் லேடீஸுக்கு ஒரு டிரெயினிங் வைக்க வேண்டும் என்றார். ரக்ஷா மட்டும், "அப்பா, ஷி மென்ட் இட், தெரிஞ்சுதான் போட்டேன்னு அம்மாவே சொல்றாளே" என்றாள். அவளைப் போய்ப் பாயசம் எடுத்துவரச் சொன்னார்கள்.

இவரே மாமாவுக்குப் போன் செய்தார். "எங்காத்துக்காரி பண்ணின கூத்து மாமா, மனசுல வெச்சுக்காதேங்கோ, கிளம்பி வாங்கோ." காரில் போய் அழைத்தும் வந்தார். மாமா சாப்பிட்டார். கை கழுவ வந்தபோது நான் தனியாக இருந்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "நிஜமாவே தப்பா அமுக்கினியாம்மா?"

அந்த வீட்டில் நான் சொல்வதை நம்பக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவருக்காகவாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அவர் சும்மா இருக்க மாட்டார், கூடத்துக்குப் போய் எனக்காகச் சண்டை போடுவார், மறுபடி வேன் நிற்காது.

"ஆமாம் மாமா" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு என்னிடம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

மே மாதம் கடைசியில் மற்றப் பதவிகளுக்கு இரண்டாவது சுற்று இருக்கிறது. இந்த முறை இவர் என்னோடு உள்ளே வருகிறாராம். படிக்கத் தெரியாதவர்களுக்குத் துணைக்கு ஒருவர் வரலாம் என்று இங்கே சட்டம் இருக்கிறது. "இங்கிலீஷ் படிக்க வராதுன்னு சொல்லு, போதும். நான் கையெழுத்துப் போட்டுட்டுக் கூட வரேன்" என்கிறார். அன்பாகத்தான் சொல்கிறார். நீயும் நானும் பி.இ. படித்தவர்கள், சாரதா.

உன்னிடம் நான் இரண்டு முறை கேட்டேன். முதல் முறை வரம்பைக் கூட்டச் சொன்னேன், நம் ஜனங்கள் தெரிய வேண்டும் என்றாய். இரண்டாவது முறை ஒரு வரி மாற்றச் சொன்னேன், உண்மை என்றாய். இரண்டும் நல்ல காரணங்கள்தான். உனக்கு ஓட்டு இல்லை என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் என்னுடையதை எடுத்து நீ பிரகடனம் செய்திருக்க வேண்டாம். நான் போட்டபோது அது என்னுடையதாக இருந்தது. பிறகு உன்னுடையதாயிற்று. இப்போது அது ஒரு அசட்டுப் பெண் செய்த தப்பு, காலனியில் சொல்லிச் சிரிக்கிற கதை.

லேப்டாப்பை ரக்ஷாவிடம் கொடுத்துவிட்டேன். உங்கள் தளத்தில் என் பெயர் இருந்தால் எடுத்துவிடு.

விசாலாக்ஷி ஜம்புநாதன்

---

எடிசன்
15 ஜூன் 2024

அன்புள்ள விசாலி,

உன் ஏப்ரல் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு இது என் நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் பதில் இல்லை. இதற்கும் வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். மன்னிப்பெல்லாம் அவற்றிலேயே கேட்டாயிற்று, திரும்பக் கேட்டு உன்னைத் தொந்தரவு செய்யவில்லை.

எங்கள் மாநில பிரைமரி போன வாரம் முடிந்தது. எங்கள் தெரு முனைப் பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. நடைப்பயிற்சிக்குப் போகும்போது எதிர்ப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு வயதான தம்பதி வந்தார்கள். வாசலில் அந்த அம்மாள் கைப்பையைக் கணவரிடம் கொடுத்துவிட்டுத் தனியாக உள்ளே போனார். அவர் பையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். வேறொன்றும் இல்லை, பார்த்தேன், உன்னிடம் சொல்லத் தோன்றியது.

உங்கள் கவுண்டியின் இரண்டாவது சுற்று முடிவுகள் போன வாரம் வியாழக்கிழமை வந்தன. உன் காலனியைத் திறக்கக் கூடாது என்று நினைத்தேன். திறந்துவிட்டேன். பதினொன்று ஒரு பக்கம். மறுபக்கம் பூஜ்யம். நீ ஏப்ரலில் என்னிடம் கேட்ட எண் அது. அன்று ஒரு வரி பொய் எழுத மனம் வரவில்லை. இப்போது பொய்யே இல்லாமல் வந்து நிற்கிறது.

அவர் உன்னோடு உள்ளே வந்தாரா, இல்லை நீ தனியாகவே போய் அதைத் தொட்டாயா, அந்தத் தாளில் இல்லை. நான் கேட்கவும் மாட்டேன்.

ஒன்றே ஒன்று செய்தேன். உங்கள் கவுண்டி அலுவலகத்து அம்மாளுக்கு எழுதி, அந்தப் பகுதியின் எண்ணில் தவறு ஏதும் இருக்குமா, ஒரு தடவை சரிபார்க்க முடியுமா என்று கேட்டேன்.

நேற்று பதில் வந்தது. சரிபார்த்தாராம். எண் சரிதானாம்.

சாரதா